வண்ணக்கருக்கு முதலாம் இலக்கம்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. ஆண்பிள்ளை அதற்குள் வந்து சேருகிறவன். அவனுக்கென்று ஒரு சாய்மனைக் கதிரை, சட்டை கொழுவ ஓர் ஆணி, தேத்தண்ணி குடிக்க ஒரு கோப்பை ஒதுக்கப்படும். இவற்றை வைத்துக்கொண்டு அவன் குடும்பத் தலைவன் என்ற பதவியை வகிக்க வேண்டும். நானும் வகித்துவருகிறேன். கதிரைத் துணி மட்டும் இடைக்கிடை மாற்றப்படும்.

என் மனைவியின் வளவில் இரண்டு வீடுகள். முன்னால் றோட்டைப் பார்த்தபடி இருப்பது பெரிய வீடு. அது மனைவியின் அக்காவுக்கு. பின்னால் வாவியைப் பார்த்தபடி இருப்பது எங்களுடையது. இடையில் ஒரு கிணறு, ஒரு ஜாம் மரம், சிறிதளவு மனத்தாங்கல். அக்காவைக் கட்டியவர், அதாவது என்னுடைய சகலன், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியராக இருந்து ஓய்வுபெற்றவர். அதைவிடப் பெரிய விஷயம், அவர் கோயில் வண்ணக்கர். வேறு ஊர்களில் தர்மகர்த்தா என்பார்கள். எங்களுக்கு வண்ணக்கர்.

வண்ணக்கர் என்றால் என்னவென்று விளங்க வேண்டுமானால் திருவிழாவின் கடைசி நாள் கோயிலில் நிற்க வேண்டும். தாய்வழிக் குடிகளின் பேரை ஒன்றன்பின் ஒன்றாகக் கூவி அழைத்துக் காளாஞ்சி கொடுப்பார்கள். காளாஞ்சி என்பது தட்டில் வைத்த வெற்றிலை, பாக்கு, ஒரு வாழைப்பழம். கடையில் வாங்கினால் சில்லறைக் காசு. ஆனால் கூவுகிற வரிசையில் ஒரு பேர் முன்பின்னாகிவிட்டால் கோயிலைப் பூட்டித் திறப்பைக் கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டுப் பிள்ளைகளின் காலம்வரை வழக்குப் பேசுவோம். சுவாமி உள்ளே தனியாக இருப்பார். அப்படிப்பட்ட வரிசையில் என் சகலன் முதலாவது ஆள். அந்த வாழைப்பழத்தை அவர் சாப்பிட்டு நான் கண்டதில்லை. வாங்குவதோடு சரி.

நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞர். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் சிரிப்புக் கட்டுரையும் எழுதுவேன். வாசித்துச் சிரித்தவர் எவரையும் இதுவரை நேரில் சந்திக்கவில்லை. புத்தகம் நிறைய வாசிப்பேன் என்பதால், வளவுக்குள் எந்த இயந்திரம் பழுதானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வாசிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவர்களின் எண்ணம். அதை மறுக்கிற அளவுக்கு எனக்கு மனவலிமை இருந்ததில்லை.

அது யுத்த காலம். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்கள் கரையில் இருந்து அங்கே ஷெல் போய்க்கொண்டிருந்தது. போகிற சத்தத்துக்கும் வருகிற சத்தத்துக்கும் வித்தியாசம் தெரிந்திருப்பது அந்த நாளில் பொது அறிவு. அந்தக் கரையில், கொக்கட்டிச்சோலையில் இருந்து இடம்பெயர்ந்த சகலனின் சொந்தக்காரர்கள் ஒரு கூட்டம் பெரிய வீட்டு மண்டபத்தில் பாய் விரித்திருந்தார்கள். அந்தச் சந்தடிக்குள்தான் அவருடைய ஒரே மகளுக்குச் சுவிஸ் மாப்பிள்ளை பொருந்திவந்தது. மகள் முன்கூட்டியே போய், மாப்பிள்ளையின் மாமி வீட்டில் தங்கியிருந்தாள். தாய் தகப்பனுக்கு விசா கிடைக்கவில்லை. ஒரே பிள்ளையின் கழுத்தில் தாலி ஏறுவதை அவர்கள் பார்க்க வேண்டுமானால் கொம்பியூட்டரில் பார்ப்பது ஒன்றுதான் வழி.

சகலன் இதை வேறு மாதிரிச் சொன்னார்.

"கலியாணம் எண்டா பொண்ணு வீட்டிலதான் நடக்கும் தம்பி. மகள் அங்க நிக்கிறாள் எண்டதுக்காக வழக்கத்த மாத்தேலாது."

ஆகவே அவருடைய கணக்கில் கல்யாணம் நடக்கப்போவது பெரிய வீட்டில். பொண்ணு, மாப்பிள்ளை, ஐயர், சபையோர் ஆகிய சிலர் மட்டும் அன்றைக்குச் சுவிஸில் இருப்பார்கள்.

இதற்காக அவர் ஒரு கொம்பியூட்டரும் கமராவும் வாங்கினார். கட்டுரை எழுத என்னிடம் முன்னமே ஒன்று இருந்தது. டெலிபோன் லைன் பெரிய வீட்டுக்குத்தான் உண்டு. இன்டர்நெட் அங்கே வரும், அங்கிருந்து ஒரு வயர் ஜாம் மரத்தில் ஏறி, கிணற்றுக்கு மேலாகப் போய், எங்கள் குசினி யன்னலுக்குள் இறங்கும் என்று முடிவானது. இருவரும் பாதிப் பாதி. வயர் அவருடைய செலவு, மரத்தில் ஏறுவது என்னுடைய செலவு.

பூட்டித்தர வந்தவர் காத்தான்குடியில் கடை வைத்திருந்தவர். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும் மனிதர்.

"ஐயா, இது தபால் மாதிரித்தான். ஊட்டுக்கு ஊடு விலாசம் வேணும். முன்னால வாற நூத்தித் தொண்ணூத்திரண்டு, நூத்தி அறுபத்தெட்டு, ஒண்டு, இதெல்லாம் றோட்டுப் பேர் மாதிரி, எல்லாருக்கும் பொது. கடைசியா வாறதுதான் ஊட்டு நம்பர். இந்தா, இந்தப் பெட்டிக்கு ஒண்டு. ஐயாட மிசினுக்கு ரெண்டு. பின் ஊட்டுச் சேர்ர மிசினுக்கு மூண்டு."

பெட்டி என்று அவர் சொன்னது, டெலிபோன் வயர் வந்து நுழைகிற, பச்சை விளக்குகள் கண்சிமிட்டுகிற, சோப்புப் பெட்டி அளவான சாமான்.

"நம்பர மிசின் தானா எடுக்கிற முறையும் இரிக்கி. கரண்ட் போய்ப் போய் வாற ஊரில அது சரிவராது. நான் கையாலதான் அடிச்சு வைப்பன். ஒரே நம்பர ரெண்டு பேர் வச்சிரிந்தாத்தான் வில்லங்கம்."

"அப்ப பெட்டிக்கு ஏன் முதலாவது நம்பர்?" என்று கேட்டார் சகலன்.

"பெட்டிதானே ஐயா ஆகப் பெரிய ஆள்! எல்லாரும் அவரக் கேட்டுத்தான் வெளிய போகணும்."

சகலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அதைப் போட்டுக்கொண்டு, கடைக்காரரின் விரல்கள் எங்கெங்கே அழுத்துகின்றன என்று மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன். மனித மனத்தின் ஆழங்களைப் பற்றி அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறவன் நான்.

முதல் கிழமை எல்லாம் ஒழுங்காக ஓடியது. மகள் திரையில் தெரிந்தாள். அக்கா அழுதா. மண்டபத்துச் சொந்தக்காரர் எல்லாரும் ஒவ்வொருவராக வந்து திரைக்குக் கை காட்டினார்கள். கடைக்காரர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். அதன் பிறகு இன்டர்நெட் நின்றது.

நின்றது என்று சொன்னால் விளங்காது. சில நாள் எனக்கு வரும், அவருக்கு வராது. சில நாள் இருவருக்கும் வராது. அவருக்கு வந்த நாள் ஒன்றுகூட இல்லை. இந்தப் புள்ளிவிவரத்தில் இருந்து பெரிய வீடு ஒரு முடிவுக்கு வந்தது.

"இஞ்சாருங்க," என்றாள் என் மனைவி, அடுப்படியில் இருந்து. "அத்தான் கேக்கச் சொன்னாராம். நீங்க லைனப் புடிச்சு வச்சிரிக்கீங்களாமே?"

"அது என்ன மாட்டுக் கயிறா புடிச்சு வைக்க?"

"எனக்கென்ன தெரியும்? அக்கா முகத்த நீட்டிக்கொண்டு திரியிறா. கலியாணம் கிட்டுது. என்னத்தையாவது வாசிச்சுப் பாருங்க."

வாசித்தேன். முதலில் அணில்மேல் சந்தேகப்பட்டேன். ஜாம் மரத்தில் ஏறி, வயரை அடி அடியாகத் தடவிப் பார்த்தேன். பல் பட்ட அடையாளம் இல்லை. இறங்கும்போது சறுக்கி என் சாரம் கொப்பில் மாட்டிக்கொண்டதை மண்டபத்துச் சொந்தக்காரர்கள் பார்த்தார்கள். இடம்பெயர்ந்து வந்த நாளில் இருந்து அவர்கள் சிரித்து நான் அன்றைக்குத்தான் கண்டேன். பத்திரிகையில் என்னால் முடியாத காரியம்.

பிறகு உப்புக்காற்று என்றேன். வயர் முனைகளைச் சுரண்டினேன். பிறகு, இராணுவ முகாமில் இருந்து ஏதோ கதிர் வீசி எல்லாவற்றையும் தடுக்கிறார்கள் என்று ஒரு கருத்தை வெளியிட்டேன். இந்தக் கருத்துக்கு நல்ல வரவேற்பு இருந்தது. அந்த நாளில் கோழி முட்டையிடாவிட்டாலும் அதற்கு முகாமில் ஒரு காரணம் இருக்கும்.

கடைசியில் ஒரு புத்தகத்தில் கறுப்பு யன்னல் ஒன்றைத் திறக்கும் விதம் போட்டிருந்தது. அதற்குள் ஒரு இலக்கத்தைத் தட்டினால், அந்த இலக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்று நம் கொம்பியூட்டர் போய்க் கதவைத் தட்டிப் பார்க்கும். இருந்தால் பதில் வரும். இருவருக்கும் வராத ஒரு நாளில், பெட்டியின் இலக்கமான ஒன்றைத் தட்டினேன். உடனே பதில் வந்தது. திரும்பத் தட்டினேன். திரும்ப வந்தது. மிகவும் மரியாதையான, சுணக்கமில்லாத பதில்.

"அண்ணன், பெட்டி நல்லா இரிக்கி," என்று கிணற்றடிக்குப் போய்ச் சொன்னேன். "நான் கூப்பிட்டன், பதில் சொல்லிச்சு."

"பதில் சொல்லுற பெட்டி மகளக் காட்டுமாமா? கேட்டுச் சொல்லுங்க."

டெலிபோன் கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்தவர் லைனைச் சோதித்து, லைன் தங்கம் போல இருக்கிறது என்றார். தங்கம் போன்ற லைன், மரியாதையான பெட்டி, பல் படாத வயர். எல்லாம் சரி. இன்டர்நெட் மட்டும் இல்லை. வீட்டில் அக்கா பேசுவதை நிறுத்திவிட்டா. மகள் உடுத்த வேண்டிய கூறைச் சேலையை அவ முன்பே அனுப்பியிருந்தா. அதை மகள் உடுத்தி நிற்பதைப் பார்க்கக் கிடைக்குமா இல்லையா என்பதுதான் அவவின் ஒரே கேள்வி. அந்தக் கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்காமல், என் பக்கமாக இருந்த கிணற்றைப் பார்த்துக் கேட்பா.

இந்த நிலைமையில் ஒரு விடியற்காலை இராணுவச் சுற்றிவளைப்பு. ஆண்களை எல்லாம் வாசலில் நிற்கவைத்து, அடையாள அட்டையைப் பார்த்து, வீட்டுக்குள் போய்ச் சாமான்களைக் கிளறுவார்கள். அது பழகிய விஷயம். பழகாத விஷயம், ஒரு சிப்பாய் ஜாம் மரத்தை அண்ணாந்து பார்த்தது. வயரைக் கண்டால் இராணுவத்துக்கு ஆகாது. அதில் நியாயமும் உண்டு. அந்தக் காலத்தில் வளவுக்குள் ஓடிய வயர்கள் நல்ல காரியத்துக்கு அதிகம் பயன்பட்டதில்லை. சிப்பாய் வயரைப் பின்தொடர்ந்து எங்கள் குசினிக்குப் போனான். கிறுகித் திரும்பி வந்து பெரிய வீட்டுக்குப் போனான். பிறகு அதிகாரியைக் கூப்பிட்டான்.

சகலனுக்குத் திணைக்களத்துச் சிங்களம் நன்றாக வரும். இன்டர்நெட் என்று விளக்கினார். அதிகாரி தலையாட்டினார். "அப்படியானால் போட்டுக் காட்டுங்கள்," என்றார்.

இன்டர்நெட்டுக்கென்று சொல்லி இரண்டு வீட்டுக்கு இடையில் வயர் இழுத்திருக்கிறோம், இன்டர்நெட் இல்லை. அப்படியென்றால் அந்த வயர் எதற்கு என்ற கேள்விக்கு ஒரு சிரிப்புக் கட்டுரையாளன் என்ன பதில் சொல்வான்?

விடியுமுன்பே போட்டிருந்த பெட்டி ஏற்கெனவே சிமிட்டிக்கொண்டிருந்தது. சகலன் கொம்பியூட்டரைப் போட்டார். அதிகாரி, சிப்பாய், நான், வாசலில் அக்கா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவருடைய கொம்பியூட்டர் எழும்புவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தது அன்றைக்குத்தான். அதுவரை அவர் எழுப்பிவைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார். திரை முழுக்க மகளின் படம் வந்தது. திரையின் கீழ்மூலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னத் துண்டு முளைத்தது. அதில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. சகலன் ஈயை அடிப்பது போல ஒரே அழுத்தில் அதை மூடினார்.

"அண்ணன், என்ன அது?"

"அது ஒண்டுமில்ல தம்பி. ஒவ்வொரு நாளும் வரும். நான் மூடிருவன்."

இன்டர்நெட் வரவில்லை. அதிகாரி திரையைப் பார்த்தார். வயரைப் பார்த்தார். அப்போது அக்கா உள்ளே வந்து, கல்யாண அட்டையை அவர் கையில் கொடுத்து, திரையில் இருந்த மகளைக் காட்டி, பாஷை இல்லாமலே முழுக் கதையையும் சொல்லி முடித்தா. அதிகாரி சிறிது நேரம் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன்னுடைய தங்கையும் வெளிநாட்டில், இத்தாலியில்தான் என்றார். அடுத்த முறை தான் வரும்போது இன்டர்நெட் வர வேண்டும், அல்லது வயர் போக வேண்டும் என்றார். போய்விட்டார்கள்.

கேற் சாத்தப்பட்டதும் நான் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். குடித்துவிட்டு, "அண்ணன், அத இன்னொருக்கா நிப்பாட்டிப் போடுங்க," என்றேன். மஞ்சள் துண்டு திரும்ப முளைத்தது. சகலனின் கை எழும்புவதற்கு முன் வாசித்துவிட்டேன். இந்தக் கொம்பியூட்டரின் விலாசமும் இன்னொன்றின் விலாசமும் மோதுகின்றன என்று அதில் இருந்தது. இத்தனை கிழமையாக ஒவ்வொரு நாளும் அது வந்து சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதன் வாயை மூடியிருக்கிறார்.

இலக்கம் இருக்கிற இடத்தைத் திறந்து பார்த்தேன். ரெண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது.

"அண்ணன், இந்த நம்பர ஆர் மாத்தின?"

"நான்தான்." அதில் ஒளிக்க ஒன்றும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. "அந்தத் தம்பி தெரியாம ரெண்டு எண்டு அடிச்சிட்டுப் போயித்தார். மறுகா நான் திருத்தினன்."

"ஒண்டு பெட்டிட நம்பர் அண்ணன்."

"பெட்டி இந்த வீட்டுக்கு எப்ப வந்த?"

"இப்பதான்."

"நான் எப்ப வந்தனான்?"

வந்தேறிகளின் வரிசையில் பார்த்தால் அவர்தான் மூத்தவர். சீதன வீட்டில் ஒரு ஆணியும் ஒரு கதிரையும் வைத்து இத்தனை வருடம் காத்த முதலிடத்தை, நேற்று வந்த சோப்புப் பெட்டிக்குக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? அதிலும் கொக்கட்டிச்சோலைச் சொந்தக்காரர்கள் கதவடியில் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கும்போது?

எனக்கு அப்போது எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கியது. இடி மின்னலுக்குப் பயந்து அவர் ஒவ்வொரு இரவும் பெட்டியை நிறுத்திவிடுவார். விடிந்ததும் பெட்டியை முதலில் போட்டால், பின்னால் எழும்புகிற கொம்பியூட்டர், ‘ஒன்றில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்’ என்று கண்டு, மஞ்சள் துண்டில் முறையிட்டுவிட்டு ஒதுங்கிவிடும். அன்றைக்கு எனக்கு வரும், அவருக்கு வராது. கொம்பியூட்டரை முதலில் போட்டால் அது ஒன்றில் குந்திவிடும். பின்னால் எழும்புகிற பெட்டி ஆரையும் கேட்காமல் அதே ஒன்றில் வந்து குந்தும். என்னுடைய கொம்பியூட்டர் ஒன்றாம் இலக்கத்தைத் தேடிப் போய்ச் சகலனிடம் நிற்கும். அன்றைக்கு இருவருக்கும் வராது. கறுப்பு யன்னலில் எனக்கு மரியாதையாகப் பதில் சொன்னது பெட்டி இல்லை. வண்ணக்கர்.

அவருடைய கொம்பியூட்டரின் நிலைதான் பரிதாபம். வெளியே போக வேண்டுமானால் ஒன்றாம் இலக்கத்தைக் கேள் என்று அதற்கு உத்தரவு. ஒன்றாம் இலக்கம் அதுதான். அது தன்னிடமே அனுமதி கேட்டு, தனக்கே மரியாதை செய்துகொண்டு, வீட்டுக்குள்ளேயே நின்றது.

"ரெண்டுக்கு வாங்க அண்ணன். மகளப் பாக்கலாம்," என்றேன், ஒருமுறை முயன்று பார்ப்போம் என்று.

அவர் திரையில் இருந்த மகளைப் பார்த்தார். கதவடியில் நின்ற சொந்தக்காரரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ‘சரி’ என்ற சொல்லாகத்தான் இருக்கும். இன்னும் கொஞ்சம் விட்டால் அது வெளியே வந்திருக்கும். அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லாமல் போனது ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. மகளின் கல்யாணத்தை வேறு நாட்டுக்கு விட்டுக்கொடுத்த மனிதர். அதற்கு மேலும் ஒன்றை அவர் கையில் இருந்து வாங்க வேண்டுமா?

"வேணாம் அண்ணன்," என்றேன். "நீங்க ஒண்டிலேயே இரிங்க. நான் பெட்டிய அங்க இரிந்து எழுப்பிறன்."

நான் அறிந்தவரையில் உலகத்தில் எல்லா இடத்திலும் ஆட்களைத்தான் மாற்றுவார்கள், பெட்டியை மாற்றமாட்டார்கள். புத்தகத்தில் அப்படிச் செய்யலாம் என்று ஓர் ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. சகலனின் கொம்பியூட்டரை நிறுத்திவைத்துவிட்டு, எங்கள் குசினியில் இருந்து, வயர் வழியாகப் பெட்டிக்குள் நுழைந்தேன். அதன் இலக்கத்தைக் கேட்கிற இடத்தில் ஒன்றை அழித்துவிட்டு, இருநூற்று ஐம்பத்து நாலு என்று அடித்து, சரி என்று அழுத்தினேன். திரை வெறுமையாகிவிட்டது. பெட்டியைக் காணவில்லை. கூப்பிட்டால் பதிலும் இல்லை.

"என்ன முழுசுறீங்க?" என்றாள் மனைவி.

"பெட்டி போயித்து."

"எங்க போற? அங்க அக்கா வீட்டுச் சுவரிலதானே தொங்குது!"

அவள் சொன்னது சரி. பெட்டி எங்கேயும் போகவில்லை. பழைய வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது நான்தான். இருநூற்று ஐம்பத்து நாலைத் தட்டியதும் கதவு திறந்தது. என் கொம்பியூட்டருக்கும் வெளியே போகும் வழி இனி இதுதான் என்று எழுதிக்கொடுத்தேன். பெரிய வீட்டுக்கு ஓடிப்போய்ச் சகலனுடையதற்கும் அப்படியே எழுதினேன். அவருடைய ஒன்றைத் தொடவில்லை. கொம்பியூட்டர் எழும்பியது. மஞ்சள் துண்டு வரவில்லை. அதை அடிப்பதற்காக அந்தரத்தில் தூக்கிய கையோடு சகலன் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"இப்ப பெட்டிக்கு என்ன நம்பர்?"

"இருநூத்தி ஐம்பத்து நாலு அண்ணன். ஆகக் கடைசி. அதுக்கங்கால ஒருத்தருக்கும் இடமில்ல."

"அது சரி," என்றார். முகம் தெளிந்திருந்தது. "உங்களுக்கு?"

"எனக்கு மூண்டு."

"அப்ப ரெண்டு ஆருக்கு?"

"ரெண்டு சும்மா கிடக்கு."

அவர் யோசித்தார். "கிடக்கட்டும். ஒருத்தருக்கும் குடுக்க வேணாம்."

கல்யாணத்தன்று பெரிய வீட்டு வாசலில் வாழை கட்டியிருந்தது. கொம்பியூட்டருக்கு முன்னால் நிறைகுடம், குத்துவிளக்கு. மேசைக்கு வெள்ளை விரித்து, கீபோட்டுக்கும் ஒரு பட்டுத்துண்டு போர்த்தியிருந்தா அக்கா. சகலன் பட்டு வேட்டி, தலைப்பாகை. எங்கள் நேரத்தில் மத்தியானம் கழிந்துவிட்டது. அங்கே காலை முகூர்த்தம். கரண்ட் போனால் என்று ஒரு ஜெனரேட்டரும் இரவல் வாங்கிக் கிணற்றடியில் வைத்திருந்தோம். நான் அதற்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டேன். மூன்றாம் இலக்கத்துக்கு அதுதான் இடம். கதவால் எட்டிப் பார்த்தால் திரை தெரியும்.

மகள் கூறை உடுத்தி மணவறையில் வந்து குந்தினாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டா. படம் விட்டுவிட்டுத்தான் வந்தது. ஆனால் வந்தது. ஐயர் மந்திரம் சொல்கிற நேரம் பார்த்து, எங்கள் கரையில் இருந்து பல்குழல் பீரங்கி படுவான்கரைக்கு அடிக்கத் தொடங்கியது. ஓடு கலகலத்தது. குத்துவிளக்குச் சுடர் ஆடியது. மண்டபத்தில் இருந்த கொக்கட்டிச்சோலை ஆட்கள், அது எந்தப் பக்கம் போகிறது என்று மேற்கே பார்த்தார்கள்.

திரையில் மாப்பிள்ளையின் மாமா ஒருத்தர் முகத்தைக் கமராவுக்குள் நீட்டினார். சுவிஸில் கனகாலம் இருக்கிறவர்.

"ஊரில நல்லா வெடி கொளுத்துறீங்க போல, சம்பந்தி!"

சகலன் தலைப்பாகையைச் சரிசெய்தார். "ஓம், ஓம். எங்கட பிள்ளைட கலியாணமெல்லோ. சொல்லி வச்சு அடிக்கிறம்."

அங்கே எல்லாரும் சிரித்தார்கள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். அவள் கமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சகலன் அவளுக்குக் கேட்கிற மாதிரி, "போற வெடிதான் மகள். வாறதில்ல," என்றார். அதற்குப் பிறகுதான் அவள் தலையைக் குனிந்தாள்.

மாப்பிள்ளை தாலியை எடுத்தார். கை எழும்பியது. படம் அப்படியே நின்றுவிட்டது.

தாலி அந்தரத்தில். மாப்பிள்ளையின் வாய் பாதி திறந்தபடி. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மேளம் கொட்டத் தொடங்குகிற சத்தம். எல்லாரும் கையில் அட்சதையோடு நின்றோம். நான் ஜெனரேட்டரைப் பார்த்தேன். அதில் குறையில்லை. வயரைப் பார்த்தேன். அண்ணாந்து ஜாம் மரத்தைப் பார்த்தேன். என் ஆயுளில் நான் பெட்டியிடம் எதையும் கெஞ்சிக் கேட்டது அந்த ஒருமுறைதான். இருநூற்று ஐம்பத்து நாலு, கோபிக்காதே, இறக்கிவைத்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே என்று கேட்டேன்.

"என்னகா பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?" என்று சகலன் அதட்டினார். "மேளம் கேக்குதெல்லோ. போடுங்க!"

போட்டார்கள். பெரிய வீட்டு மண்டபம் முழுக்க எழும்பி நின்று, அசையாமல் நின்ற அந்தப் படத்தின்மேல் அட்சதையை அள்ளி வீசியது. திரையில் பட்டு மேசையில் கொட்டியது. நான் கிணற்றடியில் இருந்து எறிந்தது கதவு நிலையில் பட்டு விழுந்தது. அக்கா விம்மிக்கொண்டே கைநிறையப் போட்டா.

பிறகு படம் அசைந்தது. தாலி கழுத்தில் இருந்தது. அங்கே சபை அப்போதுதான் அரிசியை எறிந்துகொண்டிருந்தது. மகளின் தலையில் விழுவதை எல்லாரும் பார்த்தோம்.

சகலன் நிமிர்ந்து, மண்டபத்து ஆட்களைத் திரும்பிப் பார்த்தார்.

"கண்டீங்களா," என்றார். "நம்மட அரிசிதான் முதல் விழுந்த."

பொண்ணும் மாப்பிள்ளையும் கமராவுக்கு முன்னால் வந்து குனிந்து கும்பிட்டார்கள். சகலன் திரையின் மேல்விளிம்பில் கையை வைத்து ஆசீர்வதித்தார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. மருமகனிடம் அவர் முதல்முதலாகப் பேசிய பேச்சு இதுதான்:

"மகன், உங்களுக்கு இஞ்ச ரெண்டாம் நம்பர் ஒதுக்கி வச்சிரிக்கம். ஒருத்தருக்கும் குடுக்கமாட்டம். வரேக்க வந்து எடுத்துக்கொள்ளுங்க."

மருமகனுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. "சரி மாமா," என்றார். நல்ல பிள்ளை.